மண்டிக்கடைப் படிக்கல்லும் ருஷ்யாக்காரன் குண்டும்

போன தை மாசம் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்தான். தோள்பையைத் திண்ணையில் வைத்தான் பாருங்க, 'டங்'குன்னு ஒரு சத்தம். பையைத் திறந்து வெளியே எடுத்தது ஒரு இரும்புக் குண்டு. மேலே வளைந்த கைப்பிடி, அடியில் தட்டையாக உட்காரும்படி வார்த்திருக்காங்க. 12 கிலோ.

அம்மா வெத்தலை இடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "என்னடா பேராண்டி, மண்டிக்கடைப் படிக்கல்லைத் தூக்கிட்டு வந்துட்டே? கடைக்காரன் தேட மாட்டானா?"

பயலுக்கு ஒரே சிரிப்பு. "அம்மாச்சி, இது கெட்டில்பெல். உடம்பை வலுவா வச்சுக்கிறதுக்கு. ரெண்டாயிரத்துச் சொச்சம் ரூவா."

"ரெண்டாயிரம் கொடுத்தா சுமை தூக்குறே? எங்க காலத்துல தூக்குறவனுக்குக் காசு கொடுப்பாக" என்று சொல்லிவிட்டு அம்மா மறுபடியும் இடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் ஒரு காரணத்துக்காக அந்தக் குண்டைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். படித்த பிறகுதான் தெரிந்தது, அம்மா சொன்னது வேடிக்கைப் பேச்சே இல்லை, நூற்றுக்கு நூறு உண்மை. அது மண்டிக்கடைப் படிக்கல்லேதான். என்ன, நம்ம ஊர் மண்டி இல்லை, ருஷ்யாவில் உள்ள தானியச் சந்தை.

ருஷ்யாவில் இதற்குப் பேர் கீர்யா. சாதாரணமாக எடைக்கல் என்றுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். 1704-ல் வெளிவந்த ஓர் அகராதியிலேயே அந்தச் சொல் இருக்கிறது. கோதுமையும் புல்லரிசியும் மாவும் விற்கிற சந்தையில், தராசின் ஒரு பக்கம் மூட்டை, மறுபக்கம் இந்த இரும்புக் குண்டு. எடுத்து வைக்க வசதியாக ஒரு கைப்பிடி. அவ்வளவுதான் அதன் பிறப்பு. நம்ம பக்கம் பருத்தி மண்டியிலும் வத்தல் மண்டியிலும் கம்ப்யூட்டர் தராசு வருவதற்கு முன்னால் பிடி வைத்த 20 கிலோ, 50 கிலோ இரும்புக் கல் கிடக்குமே, அதன் ஒண்ணுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்க.

சந்தையில் எல்லா நேரமும் வேலை இருக்காது. மூட்டை இறக்கியாச்சு, வியாபாரி இன்னும் விலை சொல்லவில்லை. வண்டி பூட்ட நேரம் கிடக்கிறது. நாலு இளவட்டங்கள் கூடி நின்றால் என்ன செய்வார்கள்? எந்த நாடாக இருந்தால் என்ன, ஒருத்தன் சும்மா கிடக்கிற கல்லைத் தூக்கிக் காட்டுவான், அடுத்தவன் அதைத் தலைக்கு மேலே ஏற்றுவான், மூன்றாமவன் எத்தனை தடவை என்று எண்ணுவான். ருஷ்யச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் இப்படித்தான் எடைக்கல் பந்தயக்கல்லாக மாறியது என்கிறார்கள்.

இதில் ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. கெட்டில்பெல் ஏன் 16, 24, 32 கிலோ என்று விசித்திரமான எண்களில் வருகிறது? 15, 25, 30 என்று முழுசாக வைத்தால் என்ன? மருமகனுக்கு விடை தெரியவில்லை. ருஷ்யாவின் பழைய நிறுத்தலளவைக்குப் பேர் பூட். 40 ருஷ்யப் பவுண்டு சேர்ந்தால் ஒரு பூட். நம்ம கணக்கில் 16 கிலோ 380 கிராம். ஒரு பூட் கல் 16 கிலோ, ஒன்றரைப் பூட் 24, இரண்டு பூட் 32. அதாவது நம்ம மணங்கு மாதிரி. பழைய சென்னை மணங்கு 25 பவுண்டு, 11 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இருபது மணங்கு ஒரு பாரம். எங்க தாத்தா பருத்தியைப் பாரக்கணக்கில்தான் பேசுவார்.

சோவியத் அரசு 1920-களிலேயே மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டது. ஆனாலும் விவசாயிகள் வாயிலிருந்து பூட் போகவில்லை. 1956-ல் கஜகஸ்தானில் தரிசைத் திருத்திக் கோதுமை போட்டு, முதல் தடவையாக 100 கோடி பூட் தானியம் அரசுக்குக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 1 கோடியே 64 லட்சம் டன். அதைக் கொண்டாடும்போது டன்னில் சொல்லவில்லை, பூட்டில்தான் சொன்னார்கள். அதே 1956-ல்தான் நம்ம நாட்டிலும் எடையளவைச் சட்டம் வந்து மணங்கும் வீசையும் போக ஆரம்பித்தது. நம்ம மணங்கு போனது போனதுதான். அவர்கள் பூட் மட்டும் இன்றைக்குப் பெங்களூர் ஜிம்மில் 16 என்றும் 24 என்றும் உட்கார்ந்திருக்கிறது. சம்சாரி கல்லைத் தராசிலிருந்து எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டதால் அந்த அளவு பிழைத்துக்கொண்டது.

சந்தை விளையாட்டு அப்படியே இருந்திருந்தால் அது ஒரு பழைய கதையாக முடிந்திருக்கும். அதை மாற்றியவர் ஒரு டாக்டர். பேர் விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி. போலந்துக்காரர், வேலை பார்த்தது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில். 1885 ஆகஸ்டு 10-ம் தேதி அந்த நகரத்தில் எடைதூக்குவோர் வட்டம் ஒன்றைத் தொடங்கினார். ருஷ்யாவில் எடைதூக்கும் விளையாட்டின் பிறந்தநாள் என்று அந்தத் தேதியைத்தான் சொல்கிறார்கள். அதுவரை பலசாலி என்றால் சர்க்கஸ் கூடாரத்தில் வேடிக்கை காட்டுகிறவன். பிறக்கும்போதே வரம் வாங்கி வந்தவன் என்று ஜனங்கள் நினைப்பார்கள். டாக்டர் சொன்னது வேறு: பலம் என்பது பழக்கத்தால் வருவது, சின்ன எடையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும், உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும், மூச்சும் தூக்கமும் சாப்பாடும் சேர்ந்ததுதான் பலம். கீர்யாவோடும் கீர்யா இல்லாமலும் பலத்தை வளர்ப்பது எப்படி என்று ஒரு புத்தகமும் எழுதினார்.

அவர் வீட்டுக்கு 1898-ல் ஒரு இளைஞன் வந்து சேர்ந்தான். இப்போது எஸ்தோனியாவில் இருக்கிற தார்த்து ஊர்க்காரன், கியார்க் ஹாக்கன்ஷ்மித். டாக்டர் வீட்டிலேயே தங்கிப் பயிற்சி. 1905-ல் நியூயார்க்கில் டாம் ஜென்கின்ஸைச் சாய்த்து உலக மல்யுத்தச் சாம்பியன் ஆனார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. அவர் 1968 வரை, 90 வயது வரை இருந்தார். பலசாலிகள் பலர் இளமையிலேயே உடம்பைத் தின்று தீர்த்துவிடுவார்கள். இவர் சேர்த்து வைத்துச் செலவழித்திருக்கிறார்.

இன்னொருத்தர் நம்ம ஆள். இவான் போத்தூப்னி. 1871-ல் உக்ரைனில் பொல்தாவா பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டை விட்டுக் கிளம்பி, கருங்கடல் துறைமுகங்களில் மூட்டை தூக்கினார். நம்ம லோடுமேன் வேலைதான். அப்புறம் ஃபியதோசியா என்ற ஊரில் சர்க்கஸ் வந்தபோது மல்யுத்தத்துக்கு இறங்கி, ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கினார். தினமும் கீர்யா பிடிப்பார். கையில் ஒரு பூட் எடையுள்ள இரும்பு ஊன்றுகோலோடுதான் தெருவில் நடப்பார் என்று கதை சொல்வார்கள். எழுபது வயதுக்குப் பக்கத்தில் வரைக்கும் மல்யுத்தக் களத்தில் நின்றிருக்கிறார்.

மூட்டை தூக்கினவன் எதற்குத் தனியாகக் கீர்யா தூக்க வேண்டும்? இந்தக் கேள்வியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. பின்னால் வருகிறேன்.

சோவியத் காலத்தில் கீர்யா கிராமத்திலும் பட்டாளத்திலும் கப்பலிலும் பரவியது. காரணம் ரொம்ப எளிது. மைதானம் வேண்டாம், கருவி வாங்க வேண்டாம். ஒரு இரும்புக் குண்டு, ரெண்டு கெஜம் இடம், போதும். உடையாது, துருப்பிடித்தாலும் எடை குறையாது. 1948-ல் மாஸ்கோவில் நாடு தழுவிய முதல் போட்டி நடந்தது. 1985-ல் முறையான விதிகளோடு லிபெட்ஸ்க் ஊரில் முதல் தேசியச் சாம்பியன் போட்டி. விதியைக் கேட்டால் நம்ம ஊர் ஆட்களுக்குப் புரியும். யார் பெரிய எடை தூக்கினார் என்பது கேள்வியே இல்லை. எடை எல்லோருக்கும் ஒன்றுதான். பத்து நிமிசத்துக்குள் எத்தனை தடவை தலைக்கு மேலே ஏற்றி நிறுத்துகிறாய், அதுதான் கணக்கு. நடுவில் கல்லைக் கீழே வைத்தால் ஆட்டம் முடிந்தது. ஒற்றைக் கல்லைத் தலைக்கு மேலே இழுக்கிற போட்டியில் கை மாற்ற ஒரே ஒரு தடவைதான் அனுமதி. ஆக, முரட்டுப் பலத்தோடு நெஞ்சும் மூச்சும் பிடிமானமும் நிதானமும் வேண்டும். களை வெட்டுக்குப் போகிறவன் காலையில் முதல் வரிசையிலேயே வீரம் காட்ட மாட்டான். பொழுது சாயும் வரை கை ஓட வேண்டும் என்று தெரியும். அந்தப் புத்திதான் இங்கேயும்.

அமெரிக்காவுக்கு இதைக் கொண்டுபோனவர் பாவெல் சாத்சூலின். மின்ஸ்க் நகரத்தில் பிறந்து, சோவியத் படையினருக்குப் பயிற்சி கொடுத்தவர். 1998-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். 2001-ல் அங்கேயே கெட்டில்பெல் வார்க்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க ஜிம்முக்கு ஜிம் போய், கடைசியில் எங்க திண்ணையில் வந்து 'டங்'குன்னு உட்கார்ந்தது.

இப்போது என் காரணத்துக்கு வருகிறேன்.

எங்க அப்பா அந்தக் காலத்துப் பலசாலி. ஊர்ச் சாவடி முன்னால் இளவட்டக்கல் கிடக்கும். வழுவழுன்னு உருண்டைக் கல். முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சில் அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய், முதுகுப்பக்கமாகத் தள்ளணும். அப்பா இருபது வயதில் தள்ளியிருக்கிறார். கமலை இறைத்திருக்கிறார், பருத்தித் தாட்டு சுமந்திருக்கிறார், மண்டியில் மூட்டை ஏற்றியிருக்கிறார். ஆனால் அறுபது வயதில் அவர் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. முதுகு வில்லாக வளைந்துவிட்டது. ராத்திரி புரண்டு படுக்கும்போது அவர் முனகுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "உழைச்ச உடம்புடா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

எனக்கு இப்போது 54. என் கதை நேர்மாறு. உழவுக்கு டிராக்டர், விதைக்க மெசின், அறுக்க மெசின், தண்ணிக்கு மோட்டார் சுவிட்சு, வயலுக்குப் போக பைக். வருசத்தில் பத்து நாள்தான் உண்மையாகக் குனிந்து தூக்குகிற வேலை. அந்தப் பத்து நாளில் ஒரு நாள், மூணு வருசத்துக்கு முன்னால், உர மூட்டையை டிரெய்லரில் தூக்கிப் போடும்போது இடுப்பில் 'சுரீர்'னு ஒன்று. அப்படியே மூட்டை மேலே சாய்ந்துவிட்டேன். இருபது நாள் படுக்கை. சாக்ஸ் போடக் கூடக் குனிய முடியாமல் மகள்தான் மாட்டிவிட்டாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்புக்கு நடுவில் உள்ள தட்டு பிதுங்கியிருக்கு, ஆபரேசன் தேவைப்படாது, ஆனா இடுப்பைச் சுத்தி உள்ள தசையில வலுவே இல்ல என்றார். சம்சாரிக்கு வலு இல்லையா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண்தான் எனக்குப் புரிய வைத்தார். நாம் குனியும்போது முதுகை வளைத்துக் குனிகிறோம், இடுப்பு மூட்டை மடக்கிப் பின்பக்கத்தைப் பின்னால் தள்ளிக் குனிவதில்லை. சுமை முழுக்க முதுகெலும்புக்குப் போகிறது, தொடையும் பின்பக்கமும் சும்மா வேடிக்கை பார்க்கின்றன. ஏழெட்டு மாசம் தரையில் படுத்தும் முட்டி போட்டும் செய்கிற பயிற்சிகள். அது முடிந்து, இனிமேல் எடையோடு பழகலாம் என்று அவர் சொன்ன நேரத்தில்தான் மருமகன் குண்டோடு வந்தான்.

கெட்டில்பெல்லில் முதல் பாடமே அந்தக் குனிதல்தான். ரெண்டு கையாலும் பிடித்துக் கால்களுக்கு நடுவே பின்னால் வீசி, இடுப்பைப் படக்கென்று முன்னால் நிமிர்த்தினால் குண்டு தானாக நெஞ்சு மட்டத்துக்குப் பறந்து வரும். கை தூக்குவதே இல்லை, கை வெறும் கயிறு. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. "மாமா, கையால தூக்காதீங்க, இடுப்பால தள்ளுங்க" என்று பயல் நூறு தடவை சொன்னான். அம்மாதான் திண்ணையிலிருந்து சொன்னார்: "படப்பு மேயும்போது சோளத்தட்டைக் கட்டை மேலே எப்படி எறிவோம்? அப்படி எறிடா." அந்த நிமிசம் உடம்புக்குப் புரிந்துவிட்டது. கட்டைக் கீழே ஒரு ஆட்டு ஆட்டி, இடுப்பை வெட்டி மேலே விடுவோமே, அதேதான். குண்டின் எடை கைப்பிடிக்கு வெளியே தொங்குவதால்தான் இந்த வீச்சு வருகிறது. கைக்குள் அடங்குகிற டம்பெல்லில் அது அவ்வளவு லேசாக வராது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். உழைக்கிறவனுக்கு எதுக்குத் தனியா உடற்பயிற்சி? நம்ம ஊரில் எல்லாரும் கேட்பது. காலையில் நான் குண்டு வீசுவதைப் பார்த்து டீக்கடையில் கேலி பேசுகிறவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

அப்பாவை நினைத்தால் எனக்குப் பதில் கிடைக்கிறது. வேலை என்பது மூட்டைக்காகச் செய்வது. மூட்டை தீரும்வரை நிறுத்த முடியாது. முதுகு வலித்தாலும், காய்ச்சல் அடித்தாலும், மழை கருத்தால் இன்னும் வேகமாகத் தூக்கணும். எடையை மண்டிக்காரன் முடிவு பண்ணுவான். பயிற்சி என்பது உடம்புக்காகச் செய்வது. எடையை நான் முடிவு பண்ணுகிறேன். வலிக்கப் போகிறது என்று தெரிந்தால் கீழே வைத்துவிடலாம். அப்பாவிடம் இருந்தது பலம். அந்தப் பலத்தை வைத்துக்கொள்ள அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சொன்னாலும் நிறுத்த வசதி இல்லை. கிராயெவ்ஸ்கி டாக்டர் சந்தைக் கல்லை எடுத்து அளவு போட்டுக் கொடுத்தாரே, அந்த வித்தியாசம்தான் இது. போத்தூப்னி மூட்டை தூக்கிவிட்டும் கீர்யா பிடித்தது வீண் வேலை இல்லை.

டென்மார்க்கில் 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்குச் சாட்சி. ஒரே மாதிரி வேலை செய்து கழுத்தும் தோளும் முதுகும் வலிக்கிற 40 தொழிலாளர்கள். பாதிப் பேர் வாரத்துக்கு மூணு தடவை, ஒரு தடவைக்கு 20 நிமிசம், எட்டு வாரம் கெட்டில்பெல் வீசினார்கள். அவர்களுக்குக் கழுத்து, தோள், இடுப்பு வலி குறைந்தது, முதுகுத் தசை வலுத்தது. ஓட்டத்துக்கு வேண்டிய மூச்சு பெரிதாகக் கூடவில்லை என்பதையும் அதே ஆய்வு ஒளிக்காமல் சொல்கிறது. ஆஸ்திரேலியாவில் 59 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மூணு மாசம் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில், கைப்பிடி வலுவும் நடக்கிற தூரமும் கூடியிருக்கிறது. பிடி தளர்வதுதான் முதுமையின் முதல் அடையாளம் என்பார்கள். கிணத்துக் கயிறு பிடித்த நம்ம கைகளுக்கு இது தெரியாததா?

எனக்கு 12 கிலோ கூட அதிகம் என்று முதலில் 8 கிலோவில் ஆரம்பித்தேன். வாரத்துக்கு மூணு நாள், காலையில் தொழுவம் கூட்டிய பிறகு கால் மணி நேரம். ஏழு மாசம் ஆகிறது. இப்போது 12 கிலோவைப் பதினைந்து பதினைந்தாக ஐந்து தடவை வீசுகிறேன். முதுகு அடியோடு சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் விறைக்கத்தான் செய்கிறது. ஆனால் போன மாசம் உரம் இறங்கியபோது, பின்பக்கத்தைத் தள்ளி, முதுகை நேராக வைத்து, ஒன்பது மூட்டை நானே எடுத்து வைத்தேன். பத்தாவதை வேண்டாமென்று விட்டுவிட்டு ஆளைக் கூப்பிட்டேன். எங்க அப்பா பத்தாவதையும் தூக்கியிருப்பார்.

படிக்கிற சம்சாரிகளுக்கு ஒரு வார்த்தை. இதைப் படித்துவிட்டு நாளைக்கே பழைய இரும்புக்கடையில் படிக்கல் வாங்கி வீச ஆரம்பித்துவிடாதீங்க. முதுகு வலி, ரத்தக்கொதிப்பு, நெஞ்சுக் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேட்டுட்டுத் தொடங்குங்க. தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல நிக்கட்டும். பிடி நழுவினா முன்னால நிக்கிற கோழிக்கும் பேரப்பிள்ளைக்கும் ஆபத்து.

சாவடி முன்னால் கிடந்த இளவட்டக்கல் சிமெண்டு ரோடு போட்டபோது பாதி புதைந்துவிட்டது. மேலே கிடக்கிற பாதியில் ஆடு கட்டுகிறார்கள். நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்றைக்கும் தூக்குகிறார்கள், பெண்களும் தூக்குகிறார்கள். நம்ம கல்லையும் தோண்டி எடுத்து வைக்கலாமென்று பஞ்சாயத்தில் கேட்டிருக்கிறேன். "எடுத்து வச்சா யாரு தூக்குறது?" என்று கேட்டார்கள். எடுத்து வைங்க, பிறகு பார்ப்போம் என்று சொல்லி வந்திருக்கிறேன்.

அடுத்த பதிவில் இந்த வருசம் உளுந்து ஏன் கைவிட்டது என்பதைப் பேசலாம்.